‘என் மனைவி ஆலிஸ்’

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மருமகள் மாசசூசெட்ஸ்காரி. 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றி வந்த மேஃப்ளவர் கப்பலில் வந்து ஜான் ஆல்டனை மணந்த பிரிசில்லா மல்லின்ஸின் வழி என்று அவள் வீட்டில் சொல்கிறார்கள். பேத்திக்காகக் குடிவழி எழுத உட்கார்ந்தேன். இணையத்தில் பார்த்த குடும்ப மரங்களிலெல்லாம் பிரிசில்லாவின் அம்மா ‘ஆலிஸ் ஆட்வுட்’. அப்படியே எழுதலாமா? டிஎன்ஏ உதவுமா? எங்கே தொடங்குவது?

வாசகி, பாஸ்டன்

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதாதீர்கள். நீங்கள் பார்த்த மரங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஆட்வுட் என்பதற்குச் சாட்சி ஒன்றுகூட இல்லை. பேத்திக்குக் கொடுக்கப்போகும் நோட்டில் சரிபார்க்காத பெயரை எப்படி ஏற்றத் துணிந்தீர்கள்?

பிரிசில்லாவின் அப்பா வில்லியம் மல்லின்ஸ், இங்கிலாந்தில் சர்ரே பகுதி டார்க்கிங் ஊரின் செருப்பு வியாபாரி. மேஃப்ளவரில் வந்தவர்கள் குடியேறிய பிளிமத்தில், முதல் குளிர்காலத்திலேயே இறந்தார். வாய்மொழியாக அவர் சொன்ன உயிலின் நகல் இருக்கிறது. 21 டஜன் காலணி, 13 ஜோடி பூட்ஸ் வரை கணக்கு சொல்கிறார். மனைவி, மகன் ஜோசப், மகள் பிரிசில்லா, மூத்த மகன் நால்வருக்கும் தலைக்கு 10 பவுண்டு. மூத்த மகளுக்கு 10 ஷில்லிங். புது மண்ணில் இருந்த சாமான்களில் பாதி ‘என் மனைவி ஆலிஸுக்கு’, மறுபாதி ஜோசப்புக்கும் பிரிசில்லாவுக்கும்.

இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஆலிஸ் அவருக்கு மனைவி. பிரிசில்லா அவருக்கு மகள். இருவருக்கும் இடையே என்ன உறவு என்று ஒரு சொல்லும் இல்லை. பிரசவத்தில் மனைவி இறப்பதும், கணவன் மறுமணம் செய்வதும் அன்று அடிக்கடி நடந்தவை. மூத்த பிள்ளைகள் இங்கிலாந்திலேயே தங்கிவிட, இளையவர்கள் கப்பலேறினார்கள். ஆலிஸ் பெற்றவளாகவும் இருக்கலாம், இளைய தாரமாகவும் இருக்கலாம். பிரிசில்லாவின் ஞானஸ்நானப் பதிவு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அக்காலப் பதிவேடுகளில் பெரும்பாலும் அப்பா பெயர் மட்டும்தான் இருக்கும். வில்லியமின் திருமணப் பதிவையும், முந்தைய மனைவி இருந்திருந்தால் அவள் அடக்கப் பதிவையும் பிள்ளைகளின் வயதோடு பொருத்தினால்தான் விடை வரும்.

டிஎன்ஏவை விடுங்கள். ஒரு மூதாதையிடமிருந்து வரும் பங்கு தலைமுறைக்குப் பாதியாகக் குறைந்து, 12 தலைமுறையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தாய்வழிச் சோதனைக்கு அம்மா–மகள் தொடர் அறாமல் வர வேண்டும். வந்தாலும் அது பெயர் சொல்லாது.

பேத்தியிலிருந்து மேலே ஏறுங்கள். மாசசூசெட்ஸில் மாநிலப் பதிவு 1841 முதல். அதற்கு முன் ஊர்ப் பதிவேடு. 1850க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருப்பதால் பெண்கள் அங்கே காணாமல் போவார்கள். அவர்களை அப்பாவின் உயிலில், ‘என் மகள் இன்னாரின் மனைவி’ என்று தேடுங்கள். கணவன் நிலம் விற்ற பத்திரத்தில், மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைத்த இடத்திலும் தேடுங்கள். 1752க்கு முன் இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1620 பிப்ரவரி என்றிருந்தால் இன்றைய கணக்கில் அது 1621; ஆகவே 1620/21 என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே பிறந்ததாகக் கணக்கு வரும். அந்தக் கப்பலில் வந்தோரின் வழியினர் நடத்தும் மேஃப்ளவர் சங்கம் முதல் ஐந்து தலைமுறைகளைச் சான்றோடு அச்சிட்டிருக்கிறது. ஆல்டன் குடும்பம் 16ஆம் தொகுதி. அந்த ஐந்தாம் தலைமுறைவரை ஏறினால் போதும்.

அம்மாவின் கட்டத்தில் ‘ஆலிஸ்’ என்று பென்சிலால் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. குடும்பப் பெயருக்கான இடம் காலியாகவே இருக்கட்டும்.