ரிலே விடும்போது 555 டைமர் மறுபடி தானாகத் தொடங்குவது ஏன்?

555 என்ற டைமர் ஐசியால் ரிலேயை (காந்தக் காயிலால் இயங்கும் சுவிட்ச்) இயக்கும் ஒருவர், ரிலே விடும்போதெல்லாம் டைமர் மறுபடி தொடங்குகிறது, ஏன் என்று கேட்கிறார். அவருடைய சர்க்யூட்டில் 12 வோல்ட் ரிலே, ஐசியின் அவுட்புட்டான 3-ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே நேரடியாக இருக்கிறது. காயிலுக்குக் குறுக்கே டையோடு (ஒரே திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் பாகம்) போட்டும் பிரச்சினை தீரவில்லை. காரணம் அந்த இணைப்புமுறைதான்.

ரிலே காயிலில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்காது. அவுட்புட் அணைந்ததும் காயில் 3-ஆம் பின்னைக் கிரவுண்டுக்குக் கீழே சுமார் 0.7 வோல்ட் இழுக்கிறது. டையோடு அதைக் கட்டுப்படுத்துமே தவிர முழுதாகத் தடுக்காது. அந்தச் சிறு எதிர்மின்னழுத்தமே ஐசியைக் குழப்பி மீண்டும் ட்ரிகர் ஆக்க, அதாவது தொடங்க வைக்க, போதும். 3-ஆம் பின்னுக்கும் காயிலுக்கும் நடுவே, உடலில் உள்ள பட்டைக் குறி காயில் பக்கம் இருக்கும்படி, இன்னொரு டையோடை (1என்4007) தொடராகச் சேர்த்தால் நிற்கும்.

ஆனாலும் டிரான்சிஸ்டர் வழிதான் நல்லது. 3-ஆம் பின்னிலிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் கிரவுண்டில், கலெக்டருக்கும் +12 வோல்ட்டுக்கும் இடையே காயில். 400 ஓம் காயில் 30 மில்லிஆம்பியர்தான் எடுக்கும். காயிலுக்குக் குறுக்கே உள்ள டையோடின் பட்டை முனை கட்டாயம் +12 பக்கம். திருப்பிப் போட்டால் டிரான்சிஸ்டர் ஆன் ஆனதும் கருகும். டையோடே இல்லாவிட்டால் நூறு வோல்ட்டையும் தாண்டும் எழுச்சி, 45 வோல்ட் மட்டுமே தாங்கும் பிசி547-ஐ உடைத்துவிடும்.

டைமர் ஓடும் நேரம் 1.1 × ஆர் (ரெசிஸ்டர்) × சி (கெபாசிட்டர்): 100 கிலோ ஓம், 100 மைக்ரோஃபாரட் என்றால் 11 விநாடி. நிமிடக்கணக்கில் வேண்டுமென்று ரெசிஸ்டரைப் பல மெகா ஓமுக்கு ஏற்றாதீர்கள். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் கசிவால் டைமர் முடியாமலே போகலாம். 5-ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 நானோஃபாரட், சப்ளையில் ஐசிக்கு ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள்.