டுரியானா, கொய்யாவா?

கேள்வி: இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ள அம்மாவுக்கு எந்தப் பழம் கொடுக்கலாம்? டுரியான் சதையில்தான் சத்து அதிகம் என்கிறார்களே?

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோர்க்காரன். சாலையோரக் கொய்யாக் கடைகளுக்குப் பேர்போன ஊர், அதனால் பதிலில் ஊர்ப்பாசம் கொஞ்சம் தட்டுப்படலாம்.

டுரியானில் சத்து இல்லாமல் இல்லை. ஆனால் 100 கிராம் சதையில் சுமார் 147 கலோரி, 27 கிராம் மாவுச்சத்து, 5 கிராம் கொழுப்பு. வெந்த வெள்ளைச் சோற்றிலும் 100 கிராமுக்கு மாவுச்சத்து 28 கிராம்தான். ஆக, அதைப் பழக் கணக்கில் எழுதாமல் சோற்றுக் கணக்கில் எழுதுங்கள். எங்கள் தோட்டத்துப் பக்கம் பருவம் வந்துவிட்டால், ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அப்புறம்தான் டுரியானைப் பிளப்பார்கள். காலையில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டுப் பழத்தைத் திட்டுவார்கள். பழம் என்ன செய்யும்? ஆசைக்கு ஒரு சுளை போதும், அன்றைக்குச் சோற்றைக் குறைத்துவிடுங்கள். கொலஸ்ட்ரால் என்று பயமுறுத்துவதை நம்ப வேண்டாம். டுரியானில் அது கிடையாது.

கொய்யாவில் அதே 100 கிராமுக்கு 68 கலோரி, நார்ச்சத்து 5 கிராமுக்கு மேல். வைட்டமின் சி 228 மில்லிகிராம், ஆரஞ்சில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. நன்றாகக் கழுவித் தோலோடு நறுக்குங்கள். கத்தி இறங்கும்போது கறுக்கென்று சத்தம் வர வேண்டும், அந்தப் பதம்தான் சரி. தோலும் அதை ஒட்டிய கெட்டிச் சதையும்தான் வைட்டமின் சி மிகுந்த இடம். அதைச் சீவி எறிந்துவிட்டு நடுவிலிருக்கும் குழைந்த விதைப் பகுதியை மட்டும் தின்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஜூஸும் வேண்டாம், நார் முழுக்க வடிகட்டியிலேயே நின்றுவிடும். கடையில் கூடவே தரும் அசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பிளம்) தூளில் உப்பும் சீனியும்தான் அதிகம். அம்மாவுக்கு என்றால் அந்தப் பொட்டலத்தை வாங்காமலே வாருங்கள்.

மங்குஸ்தீன் ருசிக்குச் சாப்பிடுகிற பழம், எடையில் பாதிக்கு மேல் தோல். அடியில் பூ மாதிரி இருப்பதன் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று தெரிந்துவிடும், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறும் இருக்கிறதா? அப்படியென்றால் கதையே வேறு. டுரியான், கொய்யா இரண்டிலும் 100 கிராமுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம். டாக்டரைக் கேட்காமல் இரண்டையுமே கொடுக்காதீர்கள்.