டர்பனில் நால்வர் குடும்பத்துக்கு எவ்வளவு மளிகை இருப்பு வேண்டும்?

அன்புள்ள தங்கைக்கு,

கோயம்புத்தூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து மூன்று மாதமே ஆகிறது என்றும், இரண்டு பிள்ளைகளோடு நால்வர் உள்ள வீட்டில் எவ்வளவு மளிகையைச் சேர்த்து வைப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மொத்தமாக வாங்கிய துவரம் பருப்பில் ஒரே மாதத்தில் வண்டு விழுந்துவிட்டதால், இந்த ஊரில் சேமிப்பதே வீண் வேலையோ என்றும் கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக வீண் வேலை இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக இங்கே குடும்பம் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2021 ஜூலையில் டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் கலவரம் வெடித்துக் கடைகள் சூறையாடப்பட்டபோது, ரொட்டிக்கும் பாலுக்கும் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். எங்கள் வீட்டில் அரிசி நாற்பது கிலோ இருந்தது. ஆனால் எரிவாயு உருளை காலியாகும் நிலையில் இருந்தது, மாற்று உருளை இல்லை. பக்கத்து வீட்டு ஜூலு அம்மையார் தம் அடுப்பில் எங்கள் சோற்றையும் வடித்துக் கொடுத்தார். நாங்கள் பருப்பையும் எண்ணெயையும் அவருடன் பகிர்ந்துகொண்டோம். அன்றிலிருந்து 9 கிலோ உருளை இரண்டு வைத்திருக்கிறேன். மறு ஆண்டு ஏப்ரல் வெள்ளத்தில் மூன்று நாட்கள் மின்சாரம் வரவில்லை. நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம்தான் தாங்கும் என்பதை, நான் வாங்கி அடுக்கியிருந்த மீன் முழுவதையும் இழந்த பிறகே தெரிந்துகொண்டேன். அதே வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் பகுதியின் குடிநீர் நிலையம் சேதமடைந்து, அங்குள்ள குடும்பங்கள் பல மாதங்கள் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தன. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்ற கணக்கில், மூன்று நாளைக்கு வேண்டிய தண்ணீரை 25 லிட்டர் கேன்கள் இரண்டில் எப்போதும் வைத்திருங்கள்; மாதம் ஒருமுறை அதைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

வண்டு விழுந்ததற்குக் காரணம் உங்கள் கவனக்குறைவு இல்லை. டர்பனின் கோடை மழையும் புழுக்கமும் கலந்தது. பையைப் பிரித்து அப்படியே வைத்த பருப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாங்கி வந்ததும் அரிசியையும் பருப்பையும் சிறு பைகளாகக் கட்டி நான்கு நாட்கள் ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே இருக்கும் முட்டைகள் அழிந்துவிடும். பிறகு அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பையைப் பிரிக்காமல் வைத்திருந்து, நன்றாக உலர்ந்த, இறுக மூடும் டப்பாவில் கொட்டுங்கள். துவரம் பருப்பில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவி வைக்கும் நம் ஊர் வழக்கம் இங்கேயும் பலன் தருகிறது. மக்காச்சோள மாவையும் ரவையையும் மட்டும் சிறு பொட்டலமாகவே வாங்குங்கள், அவை சீக்கிரம் கெடும்.

வற்றல், வடகம் போடுவதற்கும் காலத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் நாம் சித்திரை வெயிலை நம்புவோம். இங்கே ஆனி, ஆடி மாதங்களில்தான் காற்று வறண்டு, மழையின்றி வெயில் அடிக்கிறது. என் முதல் ஆண்டு வடகம் ஜனவரி மழையில் பூசணம் பூத்துப் போனது.

அளவைப் பொறுத்தவரை, இரண்டு வாரத்துக்கு உரியதை முதலில் சேருங்கள். நால்வர் இரு வேளை சோறு உண்டால் நாளைக்கு ஏறத்தாழ 800 கிராம் அரிசி ஆகும், அதாவது பதினான்கு நாளைக்குப் 11 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். அதனுடன் பருப்பு 3 கிலோ, ஷுகர் பீன்ஸ் (ராஜ்மா போன்ற, புள்ளிகள் உள்ள உலர்ந்த பீன்ஸ்) 2 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், டின் மீன் ஆறு டின், புளி, உப்பு, மிளகாய்த்தூள், பிள்ளைகளுக்குப் பால் மாவு ஆகியவை போதும். இதை ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. வாரந்தோறும் வழக்கத்தைவிட இரண்டு பொருள்களைக் கூடுதலாக வாங்கினால் இரண்டு மாதத்தில் நிறைந்துவிடும். ஆனால் உங்கள் வீட்டில் யாரும் சாப்பிடாத பொருளை, மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

சேர்த்ததைத் தொடாமல் வைத்திருப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் வியாழக்கிழமை கடைக்குப் போகாமல் இருப்பிலிருந்து மட்டுமே சமைக்கிறோம். ஒரு வாரம் சுண்டைக்காய் வற்றல் குழம்பும் பருப்புத் துவையலும். மறு வாரம் ஷுகர் பீன்ஸ் குருமாவும் ரொட்டியும். இன்னொரு வாரம் டின் மீனைப் புளியும் கறிவேப்பிலையும் சேர்த்துக் குழம்பாக வைப்பேன். இந்த ஊர்த் தமிழர்கள் பிரியாணியில் சேர்க்கும் முழு மசூர்ப் பருப்பும், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள பங்களாதேஷ் சந்தையில் மடும்பி என்ற பெயரில் கிடைக்கும் சேப்பங்கிழங்கும் இருப்புக்கு மிகவும் ஏற்றவை. ஷுகர் பீன்ஸை இரவு முழுவதும் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே எரிவாயுவை மிச்சப்படுத்தப் போர்வையிலோ வெப்பம் காக்கும் பையிலோ சுற்றி வையுங்கள்; கொதிக்காத பீன்ஸ் வயிற்றைக் கெடுக்கும்.

டப்பாவின் மூடியில் வாங்கிய மாதத்தை எழுதி, புதியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் அடுக்குங்கள். புரட்டாசியில் இங்குள்ள பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களைப் போல நாங்களும் மாமிசம் உண்பதில்லை. அதனால் டின் மீனை ஆவணிக்குள் சமைத்து முடித்துவிட்டு, அந்த அலமாரித் தட்டில் கூடுதலாக இரண்டு கிலோ பருப்பும், ஆடியில் காயவைத்த வடகமும் வைத்துவிடுவேன்.