கெண்டைக்காலை இறுக்கினால் வலி குறையுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஒன்றரை வருடமாக ஓடுகிறேன். டிசம்பரில் முதல் ஹாஃப் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் ஓடினால் செவ்வாய் வரை தொடையும் கெண்டைக்காலும் வலிக்கின்றன. சில ஞாயிறுகளில் வலி மாத்திரை போட்டுக்கொண்டே ஓடுகிறேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் டைட்ஸ், கெண்டைக்காலில் மட்டும் மாட்டும் காஃப் ஸ்லீவ் எல்லாம் போடுகிறார்கள். லாக்டிக் ஆசிட் வெளியேறிவிடும், வலி இருக்காது, வேகமும் கூடும் என்கிறார்கள். நல்லதாக ஒரு செட் வாங்க நாலாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் போலிருக்கிறது. வாங்கலாமா? என் மனைவிக்கு வெரிகோஸ் வெயினுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டாக்கிங்ஸ் வீட்டில் இருக்கிறது. அதையே போட்டுப் பார்க்கலாமா? ஆறு வருடமாக எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது.
– வாசகர், கோவை

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்களே, அந்தச் சர்க்கரையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். ஆறு வருடச் சர்க்கரை என்றால், இரண்டு விஷயங்களைப் பார்த்த பிறகே காலில் இறுக்கமான எதையும் மாட்ட வேண்டும். முதலாவது, பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்பது. உணர்ச்சி மங்கியிருந்தால், ஸ்லீவின் விளிம்பு சுருண்டு சதையைக் கவ்விப் பிடித்தாலும் உங்களுக்குத் தெரியாது. கழற்றும்போதுதான் தோல் புண்ணாகியிருப்பதைப் பார்ப்பீர்கள். இரண்டாவது, காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்பது. ஏற்கெனவே ரத்தம் குறைவாகப் போகும் காலை வெளியிலிருந்தும் அழுத்துவது ஆபத்து.

இதற்கு இரண்டு எளிய பரிசோதனைகள் இருக்கின்றன. மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டு உணர்ச்சியைப் பார்ப்பார்கள். கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்ததால் வகுத்து ஒரு விகிதம் சொல்வார்கள். அது 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். 1.4க்கு மேலே போனாலும் நிம்மதி அடைய வேண்டாம். நீண்ட நாள் சர்க்கரையில் ரத்தக்குழாய்ச் சுவர் கெட்டியாகி அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அப்போது கால் விரலில் அழுத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இன்னொன்றும் கேட்கிறேன். ஓடும்போதோ வேகமாக நடக்கும்போதோ குறிப்பிட்ட தூரத்தில் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறதா? அப்படியானால் அது தசை வலி அல்ல, ரத்த ஓட்டம் போதாததால் வரும் வலியாக இருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னால், இனி நான் சொல்வதெல்லாம் உங்களுக்குப் பொருந்தும்.

அப்புறம் அந்த லாக்டிக் ஆசிட் கதை. உங்கள் குழுவினர் மட்டுமல்ல, பயிற்சியாளர்கள் பலரும் இன்னும் இதைச் சொல்கிறார்கள். ஓட்டத்தில் ரத்தத்தில் ஏறிய லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடலில் இருக்கும் வடிவம்), ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடும். செவ்வாய்க்கிழமை வலிக்கு அது காரணமாக இருக்கவே முடியாது. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்ய உடல் எடுக்கும் முயற்சியில்தான் வீக்கமும் வலியும் வருகின்றன. இந்த வலி ஒரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும், மூன்று நாள் வரைகூட நீடிக்கும். வெள்ளியங்கிரி ஏறிவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் வீட்டு மாடிப்படி இறங்க முடியாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, மலை இறங்கியதால்தான். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தொடைத்தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. ஓட்டத்திலும் கால் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது.

இந்த உடைகள் என்ன செய்கின்றன? வேகத்தைக் கூட்டுவதில்லை. ஓட்டத்தின்போது போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும், நேரத்திலோ ஆக்சிஜன் பயன்பாட்டிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. 2017இல் அமெரிக்காவின் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழகிய ஓட்டக்காரர்களை டைட்ஸ் போட்டும் போடாமலும் டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். தசை அதிர்வு குறைந்தது உண்மை. ஆனால் களைப்பு குறையவில்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நைக்கி நிறுவனம். விற்கிற நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆய்வே இப்படிச் சொல்லும்போது, கடைக்காரர் வேகத்தைப் பற்றிப் பேசினால் நீங்கள் காது கொடுக்க வேண்டியதில்லை.

ஓடிய பிறகு போடுவதில் கொஞ்சம் நல்ல செய்தி இருக்கிறது. 2014இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பின் இந்த உடைகளைப் போட்டவர்களுக்கு வலி மிதமாகக் குறைந்திருந்தது, தசை பலமும் சற்று வேகமாகத் திரும்பியிருந்தது. ஆனால் 2022இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, பலம் திரும்புவதில் எந்த உதவியும் இல்லை என்றது. வலி குறைந்ததாக உணர்வது மட்டும் பல ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. இதில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். மாத்திரை ஆய்வில் வெற்று மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம். காலை இறுக்கும் உடையைப் போட்டிருக்கிறோமா இல்லையா என்பது யாருக்கும் தெரிந்துவிடுமே! ஆனாலும் வலி குறைந்ததாக உணர்வதே ஒரு பலன்தான், அதை நான் தள்ளிவிட மாட்டேன். இன்னொரு நிச்சயமான பலனும் உண்டு: தொடை இடுக்கு உரசிப் புண்ணாகிறவர்களுக்கு இறுக்கமான ஷார்ட்ஸ் பெரிய ஆறுதல்.

ஆக, உங்கள் நாலாயிரம் ரூபாயைப் பற்றி என் கருத்து: ஷூ நைந்திருந்தால் முதலில் ஷூ வாங்குங்கள். ஷூ நன்றாக இருந்து, பணமும் உறுத்தவில்லை என்றால், ஓடிய பிறகு போட ஒரு ஜோடி வாங்கிப் பாருங்கள். முழு செட் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் டைட்ஸைவிட என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வலி மாத்திரைதான். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். இரண்டு மணி நேரம் வியர்த்து, உடலில் நீர் வற்றியிருக்கும்போது அது இன்னும் மோசம். சர்க்கரை உள்ளவர் சிறுநீரகத்தைக் கண்ணுக்குக் கண்ணாகக் காக்க வேண்டியவர். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை இந்த ஞாயிறே நிறுத்துங்கள், தயவுசெய்து. கடுமையாக ஓடிய பிறகு சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போனால் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தாலும் அப்படித்தான். ஆழ்ந்த சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். ஸ்லீவை மாட்டி அதை மறைத்துவிடக் கூடாது.

சரி, செவ்வாய் வரை ஏன் வலிக்கிறது? வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தோன்றுவது, வார நாட்களில் குறைவாக ஓடிவிட்டு ஞாயிறன்று மொத்தமாகச் சேர்த்து ஓடுகிறீர்கள் என்பது. வேலைக்குப் போகிறவர்களில் பலர் செய்வது இதுதான். ஒரு முறை வலியைத் தந்த வேலையை, வலி அடங்கிய பின் மறுபடி செய்தால் தசை அந்த அளவுக்கு வலிக்காது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். அதனால் ஞாயிறு தூரத்தைக் கொஞ்சம் குறைத்து, நடுவாரத்தில் ஒரு மிதமான ஓட்டத்தைச் சேருங்கள். வாரம் இருமுறை குந்தி எழுவது, படியில் நின்று குதிகாலை மெதுவாக இறக்குவது போன்ற பயிற்சிகளைச் செய்யுங்கள். இரண்டு மாதத்தில் எந்த டைட்ஸும் தராத வித்தியாசம் தெரியும். ஓடி முடித்ததும் வெறும் காப்பியோடு நிறுத்தாமல் புரதம் சேருங்கள். முட்டை ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம் உண்டு. மூன்று முட்டையோடு ஒரு டம்ளர் பால், இல்லையென்றால் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோடு தயிர் என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட ஓட்ட நாளில் சர்க்கரை மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். சில மாத்திரைகளில் ஓட்டத்துக்குப் பிறகு சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்து ஞாயிறு நாலரைக்கு எழுந்து ஓடுகிறவருக்கு இதெல்லாம் பாதிதான் பலன் தரும். தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

வாங்குவதென்றால், உயரத்தையும் எடையையும் மட்டும் கேட்டு சைஸ் சொல்கிற உடையை நம்ப வேண்டாம். காலையில், கால் வீங்குவதற்கு முன், கணுக்காலின் சுற்றளவையும் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவையும் டேப்பில் அளந்துகொள்ளுங்கள். அந்த அளவுகளுக்கு அட்டவணை தரும் நிறுவனத்தின் உடையே நல்லது. பெட்டியில் அழுத்த அளவு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ரத்த அழுத்தம் அளக்கும் அதே மி.மீ. பாதரசக் கணக்குதான். உங்களுக்கு 15 முதல் 20 வரை போதும். போட்ட பிறகு விரல் மரத்தாலோ, நிறம் மாறினாலோ, குளிர்ந்தாலோ உடனே கழற்றுங்கள்.

நம் ஊர் வியர்வைக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. ஞாயிறு ஓட்டம் முடிந்து, நனைந்த டைட்ஸோடு குழுவாக டிபன் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது பலருக்கும் பழக்கம். படர்தாமரைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. இப்போது இந்தியாவில் பரவியிருக்கும் படர்தாமரை வழக்கமான மருந்துக்கு எளிதில் மசிவதில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை மேலும் முற்றவைக்கும். சர்க்கரை உள்ளவருக்குத் தோல் தொற்று சீக்கிரம் ஆறாது. ஓடியதும் நனைந்ததைக் கழற்றி, துடைத்து, உலர்ந்த பின்தான் வலிக்கான ஸ்லீவை மாட்ட வேண்டும். ஆய்வுகளில் பல மணி நேரம் போட்டிருந்தார்கள், சிலவற்றில் ஒரு நாள் முழுக்க. உங்களுக்கு வீட்டில் இருக்கும் பகல் நேரம் போதும், ராத்திரி தூங்கும்போது வேண்டாம்.

உங்கள் மனைவியின் ஸ்டாக்கிங்ஸை அவருக்கே விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் டொலிடோ நகரில் இருந்த கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியாளருக்குக் காலில் சிரைப் புண் இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது வலி குறைவதைக் கவனித்தார். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுகிறது, கணுக்காலில்தான் அது அதிகம். அதே முறையில் கணுக்காலில் மிக இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும் ஸ்டாக்கிங்ஸை 1950 வாக்கில் உருவாக்கினார். உங்கள் மனைவிக்குக் கொடுத்திருப்பதும் அந்த வகைதான். அது அவர் காலின் அளவுக்கும் அவர் நோய்க்கும் ஏற்ற அழுத்தம். உங்கள் கெண்டைக்காலில் ஏற்றினால் தவறான இடத்தில் இறுக்கும், அவருக்கும் இழை தளர்ந்து பயன்படாமல் போகும். அவர் காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே அதைப் போட்டுக்கொள்ளட்டும். வெந்நீரில் துவைப்பதும் வெயிலில் உலர்த்துவதும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.