மகள் இனப்பெருக்க நலத்தில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாளா? திருப்பாதிரிப்புலியூர் அம்மாவுக்கு

மகள் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம், அடுத்து இனப்பெருக்க நல ஆராய்ச்சிதான் என்று பிடிவாதமாக நிற்கிறாள், நீங்களோ மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன படிப்பு என்று சொல்வது என்று தவிக்கிறீர்கள். பொதுச் சுகாதாரம் என்று சொல்லுங்கள் அம்மா, அது பொய்யும் இல்லை. இந்தப் படிப்பு சோறு போடுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு முன்னால் ஒன்று. பிரசவம், குழந்தையில்லாச் சிகிச்சை, இவ்வளவுதான் இந்தத் துறை என்று நினைத்துவிட்டீர்கள். கர்ப்ப காலத்தில் நடப்பது பிற்காலத்தில் தாயையும் பிள்ளையையும் எப்படிப் பாதிக்கிறது என்று பார்ப்பதும் இதில் சேர்த்திதான். கர்ப்பமாக இருக்கும்போது 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, 140 வந்தால் சர்க்கரை என்பார்களே, அந்த ஒரே ஊசி முறை நம் நாட்டில் பரவக் காரணமானவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. குழந்தை பிறந்ததும் அந்தச் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும், வீட்டில் எல்லோரும் மறந்தும் போவார்கள், ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. கர்ப்பத்தில் பி.பி. ஏறி, சிறுநீரில் புரதமும் போனவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழு 1993இல் கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய ஆரம்பித்து, பிறந்த பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தது; எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளின் உடம்பிலும் கொழுப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது அந்த வேலைதான். உங்கள் மகளுக்குப் பிடித்திருப்பது இதுதான் என்றால், ரசனையில் குறை சொல்ல முடியாது.

சரி, வழி. எம்.பி.பி.எஸ். கட்டாயம் இல்லை. ஆய்வகம் பிடித்தால் உயிர்வேதியியல். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகமே இருக்கிறது, கடலூரிலிருந்து பஸ் மாறிப் போய்விடலாம். ஆனால் என்னைக் கேட்டால், இவளுக்குக் கணக்கு வருமென்றால் மக்கள்தொகை ஆய்வு பக்கம் திருப்புவேன், மும்பையில் ஐ.ஐ.பி.எஸ். என்ற மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் அதற்கென்றே இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்களின் பல வருஷத் தரவைப் படித்து அர்த்தம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் எப்போதும் தேவை உண்டு. முனைவர் பட்டத்துக்கு மும்பை பரேலில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இனப்பெருக்க, குழந்தைநல ஆராய்ச்சி நிறுவனம்.

பணம்? ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வில் தேறினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அப்புறம் 42,000, வாடகைப் படி தனி. கையில் வந்து சேரத் தாமதமாகும், அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கிய பிறகு பல பேருக்குச் சில காலம் ஒப்பந்த வேலைதான், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதைத் தாங்க வீட்டில் தெம்பு இருக்கிறதா என்று அவளிடம் ஒளிக்காமல் பேசுங்கள்.

லட்சக்கணக்கில் கேட்கும் குறுகிய கால ‘எம்பிரியாலஜி’ டிப்ளமோவை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கருத்தரிப்பு மைய ஆய்வக வேலைக்கான பயிற்சி, ஆராய்ச்சிக்கான படிப்பு அல்ல.

முதுகலைக்கான சி.யு.இ.டி. (மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு) விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். நீங்கள் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருந்தால் மத்திய அரசுப் படிவத்தில் நான்-கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், கையில் இருக்கும் பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. இ-சேவை மையத்துக்கு இந்த மாதமே போய்விடுங்கள்.