ராயபுரத்துப் பழைய வீடும் மேல்தளப் பரிசோதனையும்

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே, ராயபுரத்தில் சுமார் 35 ஆண்டுப் பழமையான மாடிவீடு ஒன்றை வாங்க இருக்கிறோம். முன்பகுதி கான்கிரீட் தளம். அதைவிடப் பழைய பின்கட்டு, மரக்கட்டைகள் தாங்கும் மெட்ராஸ் டெரஸ். உட்கூரைக்கு அண்மையில்தான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வங்கிப் பொறியாளர் பார்த்துவிட்டதால் தனிப் பரிசோதனை தேவையில்லை என்கிறார் தரகர். பரிசோதனை செய்தால் எதை எதிர்பார்க்கலாம்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வங்கி அனுப்பும் பொறியாளர், வீடு கடன் தொகைக்கு ஈடாகுமா என்று மதிப்பிட வருபவர்; தளத்துக்குள் கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று ஆராய்வது பொதுவாக அவர் வேலையில் சேராது. ஆகவே, தரகரோ விற்பவரோ கைகாட்டாத கட்டுமானப் பொறியாளர் ஒருவரை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் செலவில் அழைத்துச் செல்லுங்கள்.

அவர் மொட்டைமாடியில் நீர் வடியும் சரிவையும், மழைநீர்க் குழாயின் வாயையும், தட்டோடுகளின் இணைப்புகளையும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலைகளையும் பார்ப்பார். ஒழுகும்போதெல்லாம் பழைய ஓட்டின் மேலேயே புதிய ஓடு பதித்திருந்தால், கூடியிருக்கும் பாரத்தையும் அவர் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை முக்கியமான சேதி உட்கூரையில்தான் கிடைக்கும். கடற்காற்றிலுள்ள உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பியை எட்டும்போது துரு பிடிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து, கம்பி போகும் கோட்டிலேயே விரிசல் விட்டு, பின்னர் துண்டு துண்டாக உதிர்கிறது. மேல்பூச்சில் மட்டும் தோன்றும் மயிரிழை விரிசலைக் கண்டு அஞ்ச வேண்டாம். கம்பியின் போக்கில் நேராக ஓடும் விரிசலையும் பழுப்புக் கறையையும் அலட்சியம் செய்யவே கூடாது. பொறியாளர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும், பிளந்த இடம் பொள்ளலாக ஒலிக்கும். உடைத்த கான்கிரீட்டில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்து, இளஞ்சிவப்பாக மாறாத பகுதி கம்பியைக் காக்கும் காரத்தன்மையை இழந்துவிட்டது என்றும் அறியலாம். எனினும் உப்பினால் வரும் அரிப்பை இது காட்டாது என்பதால், ராயபுரத்தில் கான்கிரீட் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் உப்பின் கூறான குளோரைடு அளவைப் பார்ப்பதே சரி. இதற்குத் தளத்தில் துளையிட வேண்டியிருப்பதால் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

புதிய பெயிண்ட் ஏமாற்று வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆயினும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயும் மின்விசிறிக் கொக்கியைச் சுற்றியும் ஈரமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் தளம், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் குணத்தைக் காட்டும். மழைக்காலம் வரை காத்திருக்க இயலாதெனில், வடிகுழாயை அடைத்து நீரைத் தேக்கி, 24 முதல் 48 மணி நேரம் கீழே கசிவு தென்படுகிறதா என்று பார்க்கலாம். 5 சென்டிமீட்டர் நீர், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 50 கிலோ பாரத்தை ஏற்றும். எனவே தளத்தின் வலுவைப் பொறியாளர் உறுதிசெய்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

பின்கட்டில் நீர் தேக்கவே வேண்டாம். அங்கே பாரத்தைத் தாங்குபவை மரக்கட்டைகள்; அவை சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகளில்தான் ஈரம் தங்கி உளுத்துப்போகும், கரையானும் சேரும். கட்டையின் நடுப்பகுதி உறுதியாக இருப்பதைப் பார்த்துத் திருப்தியடையாமல், முனைகளைக் குத்தூசியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் வாங்குபவருக்குப் புலப்படாத, தாம் மட்டும் அறிந்த முக்கியக் குறையை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. அதாவது, பார்த்தாலே தெரியும் குறைக்கு இப்பிரிவைக் காட்டிப் பின்னர் வழக்காட முடியாது. எனவே பழுதையும் அதைச் சரிசெய்யும் உத்தேசச் செலவையும் அறிக்கையில் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லி, அத்தொகையை விலையில் கழிக்கும்படி கேளுங்கள். பொறியாளர் மாடியேறிப் பார்ப்பதற்கே விற்பவர் மறுத்தால், அந்த வீட்டை வாங்காதீர்கள்.