இலங்கையில் பதிவு செய்த வியாபாரங்கள் எந்தத் துறையில், எந்த மாகாணத்தில் அதிகம்?

கேட்டவர் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்: "கிழக்கு மாகாணத்தில், குறிப்பாகத் திருகோணமலையில், கடைகளைத் தவிர வேறு தொழில் இல்லை என்று பதிவுகள் காட்டுகின்றனவே, உண்மையா?"

நான் திருகோணமலையில் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு முதல் வேலை பி.ஆர்., அதாவது வியாபாரப் பெயர்ப் பதிவு, எடுப்பதுதான். அந்தப் படிவங்களை நிரப்பி நிரப்பிக் கைக்குப் பழக்கமாகிவிட்டதால், இந்தக் கேள்விக்குக் கீழே இருந்து மேலே போகும் ஒரு பதில்தான் என்னிடம் உண்டு.

முதலில் எண்ணிக்கை. புள்ளிவிபரத் திணைக்களம் 2013/14 இல் நாடு முழுவதும் பொருளாதாரக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. விவசாயம் தவிர்ந்த தொழில் நிலையங்கள் 10,19,681. அவற்றில் வேலை செய்தவர்கள் 30 இலட்சத்துக்குச் சற்று மேல். துறையாகப் பிரித்தால் வியாபாரம், அதாவது வாங்கி விற்பது, ஏறத்தாழ 41 சதவீதம், சேவைகள் மூன்றில் ஒரு பங்கு, மிச்சக் கால்வாசி கைத்தொழிலும் கட்டுமானமும். ஆக, கடைதான் அதிகம் என்பது திருகோணமலையின் தனிக் குறை இல்லை. முழு நாடும் அப்படித்தான்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதே கணக்கெடுப்பின் இன்னொரு அட்டவணை. அந்தப் பத்து இலட்சத்தில் 9,35,736 நிலையங்கள் நுண் வகை, அதாவது வியாபாரமென்றால் மூன்று பேர் வரை, கைத்தொழிலும் சேவையும் என்றால் நான்கு பேர் வரை. இந்த நுண் நிலையங்களில் வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்து வகுத்தால், ஒரு நிலையத்துக்கு ஒன்றரைப் பேர்கூட வராது. கடைக்காரர் ஒருவர், பின்னேரத்தில் வந்து நிற்கும் மனைவியோ மகனோதான் அந்த அரை. மறுபக்கம் பெரிய நிலையங்கள் வெறும் 2,414. நூற்றுக்குக் கால் வீதம்கூட இல்லை. ஆனால் வேலை செய்கிறவர்களில் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் அங்கேதான். நிலையங்களை எண்ணினால் ஒரு நாடு தெரியும், ஆட்களை எண்ணினால் வேறொரு நாடு தெரியும். "எந்தத் துறை அதிகம்" என்று கேட்கிறவர் எதை எண்ணுகிறார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இனிப் பதிவு. கணக்கெடுப்பு என்பது ஆள் வந்து கதவைத் தட்டி எண்ணுவது. பதிவு இருக்கிறதோ இல்லையோ எண்ணிவிடுவார்கள். பதிவேடு அப்படியில்லை. தேவைப்பட்டவர் தானாகப் போய்ப் பெயர் கொடுத்தால்தான் அதில் இருப்பார். அதிலும் இரண்டு வழி. தனி ஆளோ கூட்டாளிகளோ என்றால் பிரதேச செயலகம் ஊடாக வியாபாரப் பெயர்ப் பதிவு. இது மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனி. கம்பனி என்றால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கொழும்பில் உள்ள கம்பனிப் பதிவாளரிடம். இப்போது ஒன்லைனில் செய்யலாம், ஆனாலும் பதிவேடு ஒன்றுதான். "இலங்கையில் பதிவான வியாபாரங்கள் இத்தனை" என்று யாராவது ஒற்றை எண் சொன்னால், எந்தப் பதிவேடு என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, ஆட்கள் ஏன் பி.ஆர். எடுக்கிறார்கள்? சட்டத்துக்குப் பயந்து எடுத்தவரை நான் அதிகம் கண்டதில்லை. வங்கியில் கறன்ற் அக்கவுண்ட் திறக்க, லோன் எடுக்க, ரெண்டருக்குப் போட. கடை வைத்திருக்கிறவனுக்கு இந்த மூன்றும் ஒருநாள் வரும். நிலாவெளியில் தோணி வைத்திருக்கிறவருக்கு வராது. அவருடைய படகு கடற்றொழில் திணைக்களத்தில் பதிவாகியிருக்கும், அவர் சங்கத்தில் அங்கத்தவராக இருப்பார், அதோடு சரி. தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர் கமநல சேவை நிலையத்தில் இருப்பார். கந்தளாய்ப் பக்கம் வீட்டில் தயிர் போட்டுச் சட்டியோடு விற்கிற அக்கா எங்கேயும் இருக்க மாட்டார். நாட்டில் வேலை செய்கிறவர்களில் ஏறக்குறையக் கால்வாசிப் பேர் விவசாயத்திலும் மீன்பிடியிலும். அவர்களை எல்லாம் வேறு புத்தகத்தில் எழுதிவிட்டு, மிஞ்சிய புத்தகத்தைத் திறந்தால் பலசரக்குக் கடையும் சலூனும் ஹாட்வெயாரும் கராஜும்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய கோளாறு முகவரியில் இருக்கிறது. உட்துறைமுகத்தைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். பிறிமா மா ஆலை, அதற்குப் பிறகு ரோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, சீனன்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகளும் அவற்றை வைத்து ஓடும் லங்கா ஐ.ஓ.சி. முனையமும். வடக்கே புல்மோட்டையில் கனிய மணல். நாட்டுக்கே பாணுக்கு மாவும் வீட்டுக்குச் சீமெந்தும் அனுப்புகிற ஊரை "கடைகள் மட்டும் உள்ள ஊர்" என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். ஆனால் கம்பனிகளைப் பதிவு முகவரி வைத்துப் பிரித்தால் அப்படித்தான் வரும். ரோக்கியோ சீமெந்தின் தலைமை அலுவலகம் கொழும்பு காலி வீதியில். பட்டியலில் அது மேல் மாகாணத்துக் கைத்தொழில். தூசி மட்டும் எங்களுக்கு.

மலையகத்துக்கும் இதே கதை. 1992 இல் தோட்டங்களைத் தனியார் நிர்வாகத்துக்குக் கொடுத்தபோது வந்த பெருந்தோட்டக் கம்பனிகள் பெரும்பாலும் கொழும்பு முகவரிக்காரர்கள். கொழுந்து பறிப்பது நுவரெலியாவில், ஆண்டுப் பொதுக்கூட்டம் கொழும்பில். மேல் மாகாணம் பெரிதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012 குடித்தொகைக் கணக்கில் நாட்டின் 2 கோடி 3 இலட்சம் பேரில் 58 இலட்சத்துக்கு மேல் அங்கேதான். நூற்றுக்கு 29 பேர் போல. ஆனால் நாட்டின் உற்பத்தியில் அதன் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல். துறைமுகம், வங்கிகள், 1978 இல் கட்டுநாயக்கவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம் எல்லாம் ஒரே மூலையில் இருக்கும்போது அது வியப்பில்லை. பலசரக்குக் கடை சனம் இருக்கிற இடமெல்லாம் முளைக்கும். தொழிற்சாலையும் வங்கித் தலைமையகமும் அப்படி முளைக்காது. அதனால் பெயர்ப் பதிவை மட்டும் பார்த்தால் மாகாணங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு குறைவாகத் தெரியும், கம்பனிப் பதிவை மட்டும் பார்த்தால் மிதமிஞ்சித் தெரியும்.

துறை என்கிற கட்டமும் அப்படியே. படிவத்தில் "வியாபாரத்தின் தன்மை" என்று ஒரு வரி. அலஸ்தோட்டத்தில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை சீசன். வீட்டு மாடியில் நான்கு அறை, வெள்ளைக்காரப் பொடியள் வந்து தங்குவார்கள். மாரி இறங்கினால் கடற்கரையில் காகம்கூட இராது. அப்போது அவர் தம்புள்ளையிலிருந்து மரக்கறி இறக்கி மொத்தமாக விற்பார்.

"தம்பி, எதை எழுதுறது?" என்றார்.

"ரெண்டையும் எழுதுவம் அண்ணை."

எழுதினோம். ஆனால் அட்டவணை போடுகிறவருக்கு ஒரு வியாபாரத்துக்கு ஒரு குறியீடுதான் வேண்டும். வருமானம் கூடிய பக்கம் எதுவோ அதைப் போட வேண்டும் என்பது விதி. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும், அடுத்த ஆண்டு கொரோனாவிலும் அவரைக் காப்பாற்றியது மரக்கறிதான். அந்த ஆண்டுகளில் அவர் எந்தத் துறை?

திருகோணமலை பற்றித் துல்லியமாக வேண்டுமென்றால் பதிவேட்டை விட்டுவிட்டு மாவட்டப் புள்ளிவிபரக் கைநூலை எடுங்கள். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். திருகோணமலை நகரம் அடங்கிய 'பட்டினமும் சூழலும்' பிரிவு, கிண்ணியா, வெருகல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாகாண சராசரி எவ்வளவு மறைக்கிறது என்று தெரியும். வெருகலுக்கும் பட்டினத்துக்கும் உள்ள தூரம் சில நேரம் பட்டினத்துக்கும் கொழும்புக்கும் உள்ள தூரத்தைவிடக் கூடத் தெரியும்.

பழைய பதிவுகளையும் கவனியுங்கள். வியாபாரத்தை மூடினால் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூடுகிறவருக்கு அந்த நேரம் அதற்கு மனமும் இராது, பஸ் காசும் இராது. ஒரு காலம் தெருவுக்கு நான்கு கொமினிகேஷன், அதாவது காசு கொடுத்துத் தொலைபேசி பேசும் கடை, இருந்தது நினைவிருக்கும். கைத்தொலைபேசி வந்து எல்லாம் போய்விட்டன. என்னிடம் கணக்குக்கு வரும் ஒருவர் அந்த இடத்திலேயே பதினைந்து வருடமாகக் கொத்துரொட்டிக் கடை நடத்துகிறார். கறன்ற் அக்கவுண்ட் அந்தப் பெயரில் இருப்பதால் பி.ஆரை மாற்றவில்லை. பதிவேட்டில் அவர் இன்றைக்கும் தொலைத்தொடர்புச் சேவை.